காந்தம் இழுக்கலன்னா ஃபெரிட்டின் சோதனை தோத்துப்போச்சா?

மலேசியாவுல சுங்கை சிப்புட்லேருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ஃபெரிட்டின்ங்கிற, ஒடம்புல இரும்பைச் சேத்து வைக்கிற புரதக் கூட்டுக்குள்ள மேக்னட்டைட் (காந்தத்தன்மை உள்ள இரும்பு ஆக்சைடு) வளர்த்தாங்களாம், கரைசல் கருப்பா வந்துச்சு, ஆனா டியூப் பக்கத்துல காந்தம் வச்சு ஒரு நாள் பூரா பாத்தும் ஒண்ணும் ஒட்டல, லீவுக்கு வீட்டுக்கு வந்தும் மனசு கேக்கல, எல்லாத்தையும் ஊத்திட்டு மறுபடி செய்யணுமான்னு.

ஊத்தாதீங்க தங்கச்சி. ஒடனே ஒட்டியிருந்தாதான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

அந்தக் கூட்டுக்கு வெளி அளவு 12 நானோமீட்டர், உள்ள காலி இடம் வெறும் 8. அவ்வளவு சின்ன துகள்ல காந்த திசை ஒரு பக்கமா நிக்காது, அறை சூட்டுலயே புரண்டுக்கிட்டே இருக்கும், இதைத்தான் சூப்பர்பாராமேக்னட்டிக்னு சொல்றோம். காந்தம் வச்சா திசை திரும்பும், ஆனா ஒத்தைத் துகளை இழுக்கிற பலம் ரொம்ப கம்மி, தண்ணி மூலக்கூறு இடிக்கிற இடியில அது கலைஞ்சு போயிடும். ஒங்க ஊர்ல பால் மரம் வெட்டுனவங்களுக்கு இது சட்டுனு புரியும்: ரப்பர் பால்ல ஒவ்வொரு துளியையும் சுத்தி புரதமும் கொழுப்பும் போர்த்தியிருக்கிறதாலதான் பால் பாலாவே இருக்கு, ஆசிட் ஊத்துனா தான் கட்டியாகுது. புரதக் கூடும் அப்படித்தான் துகள்களை ஒட்டவிடாம பிரிச்சு வைக்குது. டியூப் அடியில கருப்பு வண்டல் தங்கி அது காந்தத்துக்கு ஓடி வந்துச்சுன்னா, கூட்டுக்கு வெளியவே மேக்னட்டைட் வளர்ந்திருச்சுன்னு சந்தேகப்படணும்.

பிரிச்சு எடுக்கணும்னா மெல்லிய இரும்பு நார் அடைச்ச குழாயை பலமான காந்தத்துக்கு நடுவுல வச்சு கரைசலை மெதுவா விடுங்க, நார் பக்கத்துல காந்தப் புலத்தோட பலம் சின்ன தூரத்துக்குள்ளயே சட்டுனு மாறும், அங்கதான் பிடிக்கும்.

இப்ப முக்கியமான கேள்வி, உள்ள இருக்கிறது நெஜமாவே மேக்னட்டைட்டா? ஒடம்புல இருக்கிற ஃபெரிட்டின்ல ஃபெர்ரிஹைட்ரைட்ங்கிற வேற இரும்பு ஆக்சைடுதான் இருக்கும், செம்பழுப்பு நிறம், அதுல அணுக்களோட காந்தம் எதிரெதிரா நின்னு பெரும்பாலும் கழிஞ்சு போயிடும். மேக்னட்டைட் வேணும்னுதான் 1992-ல மெல்ட்ரம், ஹேவுட், மான்னு மூணு ஆராய்ச்சியாளர்களும் சூடாக்கி, காரமான கரைசல்ல, ஆக்சிஜனை அளவா விட்டு செஞ்சு காட்டுனாங்க. நீங்க 65 டிகிரி, பிஎச் 8.5, காத்தைத் தடுக்க நைட்ரஜன் எல்லாம் வச்சிருந்தா வழி சரிதான், காத்து கூடிப்போனா மேக்ஹமைட்ங்கிற இன்னொரு இரும்பு ஆக்சைடா மாறும், அதுக்கும் காந்தம் உண்டு.

விஎஸ்எம் மெஷின்ல போடுங்க, காந்தப் புலத்தைக் கூட்டக் கூட்ட பொருள் எவ்வளவு காந்தமாகுதுன்னு அது வளைவா வரைஞ்சு காட்டும். அறை சூட்டுல வளைவு ‘எஸ்’ மாதிரி ஏறி தட்டையாகி, திரும்பி வரும்போது அதே வழியில வந்தா நல்ல சேதி. தட்டையாகாம நேர்கோடா ஏறிக்கிட்டே போனா ஃபெர்ரிஹைட்ரைட். 5 கெல்வினுக்கு (கிட்டத்தட்ட மைனஸ் 268 டிகிரி செல்சியஸ்) குளிர வச்சா புரளுறது நின்னு, போற வழியும் வர்ற வழியும் பிரிஞ்சு வளையம் தொறக்கும், அதையும் கேட்டு எடுத்துக்குங்க.

ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க. கிராமுக்கு எவ்வளவு காந்தம்னு கணக்குப் போடுறப்ப மொத்த பொடி எடையால வகுத்தா எண் ரொம்ப சின்னதா வந்து பயமுறுத்தும், கூட்டுக்கு 1000 இரும்பு அணு வச்சிருந்தாக்கூட எடையில பெரும்பங்கு புரதம்தான். முதல்ல இரும்பு எவ்வளவுன்னு தனியா அளந்து அதால வகுங்க.