பேஸ்மென்ட் சுவரின் அடிப்பகுதி தண்ணீரில் ஊறி உப்பியிருக்கிறது. ட்ரைவாலை (சுவரை மூடும் ஜிப்சம் பலகையை) மட்டும் வெட்டி மாற்றினால் போதுமா? (டொரன்டோ)

போதாது. ட்ரைவால் மாற்றுவதுதான் இதில் சுலபமான வேலை. தண்ணீர் வந்த வழி தெரியாமல், உள்ளே இருக்கும் மரச்சட்டம் காயாமல் மூடினால், அடுத்த முறை பனி உருகும்போது அதே இடம் மறுபடி உப்பும்.

காரணத்தைப் பார்க்கவே சுவரைத் திறந்தாக வேண்டும். அந்தப் பக்கத்து மின்சார பிரேக்கரை அணைத்துவிடுங்கள். 1990க்கு முன் கட்டிய வீடென்றால் ஜாயிண்ட் காம்பவுண்டில் (பலகை இணைப்புகளில் பூசும் பசை) ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஆய்வகத்தில் சோதித்த பிறகே கத்தி வையுங்கள். கறைக்கோட்டுக்கு மேல் குறைந்தது 1 அடி விட்டு வெட்ட வேண்டும். ஜிப்சமும் அதன் காகிதமும் நீரை மேலே இழுப்பதால், ஈரம் கறையைத் தாண்டியே நிற்கும். தரையிலிருந்து 24½ அல்லது 48½ அங்குலத்தில் நேர்கோடு போட்டு வெட்டினால், புதுப் பலகை சரியாக உட்கார்ந்து கீழே ½ அங்குல இடைவெளியும் கிடைக்கும். உள்ளே குளிர் தடுக்க வைத்த ஃபைபர்கிளாஸ் பஞ்சு நனைந்திருந்தால் முழுவதும் குப்பைக்கு.

இப்போது கான்கிரீட்டைப் பாருங்கள். வெள்ளை உப்புப் பூச்சு இருந்தால் நீர் அதன் வழியாக வருகிறது. ஜன்னலுக்கு நேர் கீழே ஈரமென்றால் வெளியே ஜன்னல் குழியின் வடிகால் அடைத்திருக்கலாம். விரிசலே இல்லாமல் கோடையில் மட்டும் சுவர் வியர்த்தால், அது குளிர்ந்த கான்கிரீட்டில் படியும் காற்றின் ஈரம். சந்தேகமிருந்தால் 2 அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைக் கான்கிரீட்டில் நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, 2 நாள் கழித்துப் பாருங்கள். உள்பக்கம் நனைந்திருந்தால் சுவரின் நீர். வெளிப்பக்கம் என்றால் காற்றின் நீர்.

விரிசலுக்குப் பணம் செலவழிக்கும் முன் வெளியே போய்ப் பாருங்கள். ஈவ்ஸ்ட்ராஃப் (கூரை ஓர மழைநீர்த் தொட்டி) அடைப்பை எடுத்து, அதிலிருந்து இறங்கும் டவுன்ஸ்பவுட் குழாயை வீட்டிலிருந்து 6 அடி தள்ளி விட்டு, 10 அடிக்கு 6 அங்குலம் சரியும்படி மண் போடுங்கள். பல வீடுகளில் ஒழுகல் இத்தோடு நின்றுவிடும். அப்படியும் நிற்காத செங்குத்து மயிரிழை விரிசலுக்கு பாலியூரித்தேன் பிசினை உள்ளே செலுத்தும் இன்ஜெக்‌ஷன். நீர் பட்டால் அது விரிந்து அடைத்துக்கொள்ளும். கான்கிரீட் பிளாக் கட்டிய சுவரில் விரிசல் கிடையாக ஓடி, சுவர் உள்ளே தள்ளியிருந்தால் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

அவசரப்படுகிறவர்கள் கெடுப்பது உலர்த்தும் கட்டத்தைத்தான். தொட்டால் காய்ந்தது போலிருக்கும் மரத்துக்குள் ஈரம் இருக்கும். கான்கிரீட்டில் படிந்த பாட்டம் பிளேட்டின் (சட்டத்தின் அடிக்கட்டை) அடிப்பக்கம் கடைசியாகத்தான் காயும். டீஹியூமிடிஃபையரும் ஃபேனும் ஓடட்டும். ஈரமானியின் ஊசிகளை பிளேட்டில் குத்தி, 15 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை மூடாதீர்கள். ஸ்க்ரூடிரைவர் நுனி புதைந்தால் மரம் உளுத்துவிட்டது. அதை எடுத்துவிட்டு, பிரஷர் ட்ரீட்டட் (அழுகாமல் மருந்தேற்றிய) கட்டை போட்டு அடியில் ஃபோம் கேஸ்கெட் விரியுங்கள். 1 சதுர மீட்டருக்குள் உள்ள பூஞ்சையை மாஸ்க் அணிந்து, பாத்திரம் கழுவும் சோப்பு நீரால் தேய்த்தால் போதும், பிளீச் வேண்டாம். 3 சதுர மீட்டரைத் தாண்டினாலோ, வந்தது சாக்கடை நீராக இருந்தாலோ பூஞ்சை அகற்றும் தொழில்காரர்களிடம் விடுங்கள்.

மூடும்போது ஃபைபர்கிளாஸுக்குப் பதில் ஸ்டோன் வூல் (கல் நார்ப் பஞ்சு) வையுங்கள், நனைந்தாலும் உருக்குலையாது. வெட்டிய 6 மில் பாலித் தாளை (ஈரம் தடுக்கும் பிளாஸ்டிக்) மேல்படிய வைத்து டேப் போடுங்கள். ½ அங்குல ஈரம் தாங்கும் பலகைக்கு 1¼ அங்குல ஸ்க்ரூ. பழைய பலகையின் முனை ஸ்டட்டில் (நிற்கும் மரக்கால்) நிற்காத இடத்தில் பின்னால் மரத்துண்டு கொடுக்காவிட்டால் இணைப்பு வெடிக்கும். முதல் பூச்சு காகித டேப்போடு 90 நிமிடத்தில் இறுகும் காம்பவுண்ட். அதன்மேல் சாதாரண காம்பவுண்ட் இரண்டு பூச்சு, ஒவ்வொன்றும் முந்தையதைவிட அகலமாக. மேலே பழைய கறை மிச்சமிருந்தால் ஷெல்லாக் பிரைமர் அடியுங்கள். இல்லையென்றால் லேடெக்ஸ் பெயிண்டைத் துளைத்துக்கொண்டு கறை வெளியே வரும்.

சுவரடியில் ஓடும் எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பேஸ்போர்டைத் திரும்பப் போடாதீர்கள். ஒருமுறை நனைந்தால் வீங்கி நாராகிவிடும், பிவிசி நல்லது.