பெனிசிலின் எங்கே போனது?

கேள்வி: உலகுக்கே மருந்து அனுப்பும் நாடு என்று நம்மைச் சொல்கிறார்கள். ஆனால் நான் வாங்கும் அமாக்சிசிலின் கேப்சூலுக்கு மூலப்பொருள் சீனாவிலிருந்து வருவதாக எங்கள் மருந்துக்கடைக்காரர் சொல்கிறார். இரண்டும் எப்படி உண்மையாகும், ஐயா?
— வாசகர் ஒருவர், பாளையங்கோட்டை

பதில்: கடைக்காரர் சொன்னது சரி, அந்தப் பெருமையும் பொய்யன்று. நீதிபதி ராஜகோபால ஐயங்காரின் 1959-ஆம் ஆண்டு அறிக்கையை அடியொற்றி எழுந்த 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், மருந்துக்குக் காப்புரிமை இல்லை, அதைத் தயாரிக்கும் முறைக்கு மட்டுமே உண்டு என்று வகுத்தது. ஒரே மருந்தை வேறு வழியில் செய்யும் உரிமை கிடைத்ததால் நம் வேதியியலாளர்கள் கைதேர்ந்தார்கள். 2005-இல் பொருளுக்கும் காப்புரிமை திரும்பியபோது அந்தக் கைத்திறன் நம்மிடம் ஊறியிருந்தது.

தங்கள் கேப்சூலின் கதை வேறு. அதன் தாய்ச்சரக்கான பெனிசிலின் ஜி, பெரிய கலன்களில் பூஞ்சையை நாள்கணக்கில் நொதிக்கவைத்துப் பிரித்தெடுப்பது. நம் வீட்டு மாவு புளிப்பதைப் போலத்தான். ஆனால் வேற்றுக்கிருமி ஒன்று புகுந்தால் கலன் முழுவதும் வீண், மின்சாரமும் தடைபடக்கூடாது. புனே அருகே பிம்பிரியில் அரசு 1954-இல் தொடங்கிய ஆலை, உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் ஆகியவற்றின் உதவியோடு பெனிசிலின் செய்தது. பிற்காலத்தில் சீனச் சரக்கு மலிவாக வந்து குவிந்தபோது உள்நாட்டு ஆலைகள் பெனிசிலின் ஜி உற்பத்தியைக் கைவிட்டன. கேப்சூல் செய்பவர்களுக்கோ அது இலாபம். ஆகவே கூக்குரல் எழவில்லை.

(தங்கள் சீமையில் நேர்மாறான காட்சியும் உண்டு. வயற்காட்டில் அவுரி என்று சொல்லும் மலமிளக்கி இலை, ‘டின்னவெல்லி சென்னா’ என்று ஊர்ப்பெயரோடு உலக மருந்து நூல்களில் நிற்கிறது. ஆனால் பெரும்பாலும் உலர்ந்த இலையாகவும் காயாகவுமே தூத்துக்குடியில் கப்பலேறுகிறது.)

2020-இல் மத்திய அரசு, மூலப்பொருள் உற்பத்திக்கு 6,940 கோடி ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. நொதித்தல் வழிப் பொருள்களுக்கு முதல் நான்கு ஆண்டுகள் விற்பனையில் 20 விழுக்காடு, ஐந்தாம் ஆண்டு 15, ஆறாம் ஆண்டு 5, அதன்பின் ஒன்றுமில்லை. ஆந்திரத்தின் காக்கிநாடா அருகே பெனிசிலின் ஜி ஆலையும் எழுந்துவிட்டது. ஏழாம் ஆண்டில் சீனா விலையை இறக்கினால் அந்த ஆலை என்ன செய்யும் என்பதே என் கவலை. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாக மருந்து வாங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் போன்ற அமைப்புகள், ஒப்பந்தப்புள்ளியில் ஒரு பங்கையாவது உள்நாட்டு மூலப்பொருளில் செய்த மருந்துக்கென ஒதுக்கி, அதற்குச் சற்றுக் கூடுதல் விலை தர முன்வந்தால்தான் அந்த ஆலைக்கு ஊக்கத்தொகை முடிந்த பின்னும் வாங்குவோர் இருப்பார்கள்.