இறங்கும் நேரத்து ஆட்டோபைலட்: கேளுங்கள், சொல்கிறேன்

ஜெட் விமானங்கள் ஓட்டியவன். இப்போது சிமுலேட்டரில் மற்றவர்களை வதைப்பதே வேலை. இறக்கம், அப்ரோச் (ரன்வேயை நெருங்கும் கடைசிக் கட்டம்) இரண்டையும் பற்றி மட்டும் கேளுங்கள்.

ஜன்னலோரப் பயணி: ஆட்டோபைலட்டே தரையிறக்கிவிடுமாமே, விமானி எதற்கு?

இறக்கும். அதற்கு விமானம், ரன்வே, விமானிகள் மூன்றுக்கும் தகுதி இருக்க வேண்டும். மூடுபனியில் அதுதான் கை கொடுக்கும். ஆனால் பெரும்பாலான தரையிறக்கங்கள் இன்றும் கையால்தான். எந்த உயரம், எந்த வேகம், எந்த மோட் (எதைப் பிடித்துப் பறப்பது என்ற நிலை) என்று அதற்குச் சொல்வதும் மனிதன்தான். தப்பாகச் சொன்னால் தப்பையே பிசகில்லாமல் செய்து முடிக்கும்.

பயிற்சி விமானி: ஏ.டி.சி. (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) தாமதமாக இறங்கச் சொன்னதில் இறங்க வேண்டிய பாதைக்கு மேலே மாட்டிக்கொண்டேன். கம்ப்யூட்டர் 'ட்ராக் (drag) ரிக்வயர்டு', அதாவது காற்றுத் தடை வேண்டும் என்கிறது. என்ன செய்வது?

இது கேள்வி! முதலில் மனக்கணக்கு. ஆயிரம் அடிக்கு மூன்று மைல். 24,000 அடியில் இருந்தால் 72 மைல், வேகம் குறைக்க இன்னொரு பத்து. கையில் 60 மைல்தான் என்றால் எந்த பட்டனும் உங்களைக் காப்பாற்றாது. வேகத்தைக் கூட்டி ஸ்பீடுபிரேக்கை (இறக்கை மேல் விரியும் தடுப்புத் தகடுகள்) எடுங்கள், அதிக வேகத்தில்தான் அது நன்றாக வேலை செய்யும். போதாதா? கூடுதல் தூரம் சுற்றிவர வெட்கப்படாமல் கேளுங்கள்.

சிமுலேட்டரில் நான் அடிக்கடி பார்ப்பது வேறு. இருவரும் தலையைக் குனிந்து எஃப்.எம்.சி. என்ற பாதைக் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருப்பார்கள், விமானம் அதன் போக்கில் போய்க்கொண்டிருக்கும். 1995 டிசம்பரில் கொலம்பியாவின் காலி (Cali) நகருக்கு இறங்கிய போயிங் 757-இல் 'ரோசோ' என்ற வழிகாட்டி ரேடியோ பீக்கனை நினைத்து 'ஆர்' என்ற ஒற்றை எழுத்தைப் போட்டார்கள். கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது பொகோட்டா பக்கத்து 'ரோமியோ'வை. இருட்டில் விமானம் மலைப்பக்கம் திரும்பியது. எச்சரிக்கை கேட்டு மூக்கைத் தூக்கியபோதும் ஸ்பீடுபிரேக் விரிந்தே இருந்தது. 159 பேர் போனார்கள். ஸ்பீடுபிரேக் வெளியே இருக்கும்வரை கை அதன் மேலேயே இருக்கட்டும்.

மூன்றாம் வரிசை: ஆட்டோபைலட் தானாக லேண்ட் செய்யுமா?

முதல் பதில்.

பொறியியல் மாணவி: ஏர்பஸ் ஏ320-இல் இறங்கு கோணத்தையும் இறங்கு வேகத்தையும் ஒரே குமிழில்தான் வைக்கிறார்களா?

ஆமாம். 1992 ஜனவரியில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் அருகே ஏ320 மலையில் மோதிய விசாரணையில் வலுவாகப் பேசப்பட்ட சாத்தியம் இதுதான்: 3.3 டிகிரி என்று நினைத்துத் திருப்பியது நிமிடத்துக்கு 3,300 அடியாகப் போய்விட்டது. திரையில் தெரிந்தது '33' போல இரண்டு இலக்கம்தான். 87 பேர் இறந்தார்கள். பிறகு இறங்கு வேகத்தை நான்கு இலக்கமாகக் காட்டும்படி மாற்றினார்கள். குமிழைத் திருப்பியதும் கண் திரையின் உச்சியில், எந்த மோட் ஓடுகிறது என்று காட்டும் மோட் வரிக்குப் போக வேண்டும்.

நடுங்கும் பயணி: விமானம் குலுங்கினால் இறக்கை உடையுமா?

உடையாது. மற்றதை வானிலைக்காரரிடம் கேளுங்கள்.

போயிங் பக்தர்: ஆட்டோமேட்டிக்கில் விசை மாறினாலும் ஏர்பஸ்ஸில் த்ராட்டில் (என்ஜின் விசைக் கைப்பிடி) அசையாது, அதுதான் வினை. 1990 பெங்களூர் ஏ320 விபத்தைப் பாருங்கள்.

பெங்களூரில் ஓப்பன் டிசென்ட் என்ற இறங்கு மோடில் என்ஜின் ஐடிலில் (மிகக் குறைந்த விசையில்) கிடக்க, வேகம் கரைந்தது. அதை நான் மறுக்கவில்லை.

போயிங் பக்தர்: அப்போ அசைந்தால் கைக்குத் தெரியும், சரிதானே?

தெரியும் என்று நினைக்கிறீர்கள். 2009 ஆம்ஸ்டர்டாமில் விபத்துக்குள்ளான போயிங் 737-இன் இடது ரேடியோ ஆல்டிமீட்டர் (தரையிலிருந்து உயரத்தை அளப்பது) மைனஸ் 8 அடி என்று காட்டியது. த்ராட்டிலைத் தானே நகர்த்தும் ஆட்டோத்ராட்டில் 'தரைக்கு வந்தாச்சு' என்று த்ராட்டிலைப் பின்னுக்கு இழுத்தது. கண்ணெதிரே அசைந்தது! ஏற்கெனவே பாதைக்கு மேலே இருந்ததால் ஐடில் இயல்பாகவே தோன்றியது. மோட் வரியில் 'ரிடார்ட்' (விசையைக் குறை) என்று எழுதியிருந்தது.

ஏர்பஸ் ரசிகர்: 2013 சான் பிரான்சிஸ்கோ போயிங் 777 விபத்தையும் சொல்லுங்க!

சொல்கிறேன். விமானி த்ராட்டிலை ஐடிலுக்கு இழுத்தார், ஆட்டோத்ராட்டில் 'ஹோல்டு'க்குப் போய்ச் சும்மா இருந்தது. அது வேகத்தைப் பிடிக்கும் என்றே நம்பினார்கள். 137 நாட் (மணிக்குக் கடல் மைல்) வேகம் வேண்டிய இடத்தில் 103 வரை விழுந்தது. இரண்டு கம்பெனிக்கும் கொடி பிடித்தது போதும். மோட் வரியை யார் வாய்விட்டுப் படித்தார்கள் என்று கேளுங்கள்.

போயிங் பக்தர்: இருந்தாலும் அசையும் த்ராட்டில்...

அடுத்த கேள்வி.

துணை விமானி: ஆல்டிமீட்டர் அழுத்தம் தப்பாகப் போட்டால் ஆட்டோபைலட் கண்டுபிடிக்குமா?

கண்டுபிடிக்காது. பத்து ஹெக்டோபாஸ்கல் (அழுத்த அலகு) பிசகினால் உயரத்தில் சுமார் 280 அடி. காற்றழுத்த ஆல்டிமீட்டரை நம்பி இறங்கும் பாரோ அப்ரோச்சில், அழுத்தத்தைக் கூட்டிப் போட்டிருந்தால், பாதையைக் காட்டும் ஊசி நடுவிலேயே நிற்கும், பாதையே கீழே இருக்கும். காதில் விழுந்த எண்ணைத் திருப்பிச் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவர் ஏ.டி.சி. சொன்னதோடு ஒப்பிடட்டும்.

புதியவர்: ஆட்டோபைலட் தானாகவே...

மேலே பாருங்கள், இரண்டு முறை சொல்லியாயிற்று. சிமுலேட்டரில் ஆள் காத்திருக்கிறார்.