ஃபெரட் வைத்து முயல் பிடிக்கக் கூப்பிட்டால் போகலாமா?

தம்பி, உங்கள் கேள்வியைப் பார்த்தேன். இங்கிலாந்தில் கிங்ஸ் லின் பக்கம் நர்ஸ் வேலைக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது, வாடகை வீட்டுக்குப் பின்னால் வயல், பக்கத்து வீட்டுப் பெரியவர் ஞாயிறு காலையில் நாயும், ஃபெரட் என்ற சின்ன வேட்டைவிலங்கு இருக்கும் மரப்பெட்டியும், வலையுமாகக் கிளம்புகிறார், முயல் பிடிக்க நீங்களும் வாருங்கள் என்கிறார், போனால் சட்டச் சிக்கல் வருமா, விசாவுக்கு ஏதாவது ஆகுமா, மறுத்தால் தப்பாக நினைப்பாரா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில், போங்கள். இந்த ஊர் கிராமத்துக்காரர்கள் டீக்குக் கூப்பிடுவதைவிட வேட்டைக்குக் கூப்பிடுவது பெரிய விஷயம், ஏனென்றால் அந்த நிலத்தில் கால்வைக்க ஒரு விவசாயி அவரை நம்பி அனுமதி கொடுத்திருக்கிறார், அந்த நம்பிக்கையில் உங்களையும் சேர்த்துக்கொள்கிறார். ஆனால் போவதற்கு முன் சில விஷயங்கள் தெரிந்திருக்கவேண்டும்.

முதலில் சட்டம். ஊரில் முயல் வேட்டை என்றாலே வனத்துறை, கேஸ் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே காட்டு முயலை வேட்டையாடுவது குற்றம். இங்கே நேர் எதிர். 1954இல் வந்த பூச்சி, விலங்குத் தொல்லைச் சட்டத்தின் கீழ் இங்கிலாந்தும் வேல்ஸும் கிட்டத்தட்ட முழுவதுமே முயல் ஒழிப்புப் பகுதி, நிலம் வைத்திருப்பவர் முயலைக் கட்டுக்குள் வைத்தே ஆகவேண்டும். நாய் விட்டுக் காட்டு விலங்குகளை வேட்டையாடுவதை 2004இல் தடை செய்தபோதுகூட முயலுக்கும் எலிக்கும் விலக்கு கொடுத்தார்கள். ஒரே நிபந்தனை, நிலம் உங்களுடையதாக இருக்கவேண்டும், இல்லையென்றால் அதற்கு உரியவர் அனுமதி வேண்டும். ஸ்காட்லாந்தில் சட்டம் தனி, 2023இல் இன்னும் இறுக்கிவிட்டார்கள், அந்தப் பக்கம் வேலை மாறினால் இங்கே படித்ததை வைத்து அங்கே போய்விடாதீர்கள்.

இதில் நம் ஆட்கள் மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இங்கே இரண்டு விலங்கு உண்டு. மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வது ராபிட். வளையே இல்லாமல் திறந்த வயலில் பள்ளம் பறித்துப் படுத்திருந்து, நீளக் காலும் நீளக் காதுமாகப் பறப்பது ஹேர், நம் கரிசல்காட்டில் ஓடுவது இந்த வகைதான். விலக்கு ராபிட்டுக்கு மட்டும். ஹேரை நாய் விட்டுத் துரத்துவது குற்றம். நார்ஃபோக், லிங்கன்ஷையர் சமவெளிகளில் ஹேர் மேல் நாய் விட்டுப் பந்தயம் கட்டும் கும்பல்கள் இருக்கின்றன, பயிரை மிதித்து வண்டி ஓட்டுகிறார்கள், தட்டிக்கேட்கும் விவசாயியை மிரட்டுகிறார்கள். அதற்காகவே 2022இல் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள், ஆறு மாதம் வரை சிறை, நாய் வளர்க்கவே தடை என்றெல்லாம் போகும். உங்களுக்கு நர்ஸ் பதிவு இருக்கிறது, தண்டனை விழுந்தால் அந்தப் பதிவைக் கொடுக்கும் நர்ஸ் கவுன்சிலான என்.எம்.சி.க்கும் சொல்லவேண்டும், பிறகு நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அதுவும் எழுந்து நிற்கும். ஆகவே கூப்பிடுகிறவர் யார் என்று பாருங்கள். பகல் வேளை, பெட்டியில் ஃபெரட், பை நிறைய வலை, ஒன்றிரண்டு நாய், "இன்னார் பண்ணை, அவரிடம் எழுதி வாங்கியிருக்கிறேன்" என்ற பேச்சு, இப்படி இருந்தால் தாராளமாகப் போகலாம். ஃபெரட்டும் இல்லை வலையும் இல்லை, வேட்டைநாய்கள் மட்டும் வண்டி நிறைய, எந்தப் பண்ணை என்று கேட்டால் மழுப்பல் என்றால், வேலை இருக்கிறது என்று சொல்லி ஒதுங்கிவிடுங்கள். அனுமதி உண்டா என்று நேராகக் கேட்பதில் தவறே இல்லை, நல்ல வேட்டைக்காரர் அதைக் கேட்டதற்காகவே உங்களை மதிப்பார்.

ஃபெரட் என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். கீரிப்பிள்ளையைக் கொஞ்சம் நீட்டி மெல்லிசாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. போல்கேட் என்ற காட்டுவிலங்கிலிருந்து பழக்கப்படுத்தியது, சுமார் 2000 வருடமாக மனிதனோடு இருக்கிறது. ஸ்பெயினில் முயல் தொல்லை தாங்காமல் இதுபோன்ற விலங்கை வளைக்குள் விட்டதை ஸ்டிராபோ என்ற கிரேக்கர் எழுதிவைத்திருக்கிறார். முயலே இந்த நாட்டுக்குப் பிறகு வந்ததுதான், 12ஆம் நூற்றாண்டில் நார்மன்கள் இறைச்சிக்கும் தோலுக்கும் கொண்டுவந்து மண்மேடு அமைத்து வளர்த்தார்கள். உங்கள் ஊரிலிருந்து தெட்ஃபோர்டு தூரமில்லை, அங்கே காட்டுக்குள் வாரன் லாட்ஜ் என்று ஒரு கல்கட்டடம் நிற்கிறது, 1400 வாக்கில் மடத்துக்காரர்கள் கட்டியது, முயல்மேட்டைக் காவல் காத்தவரும் அவருடைய வலைகளும் பிடித்த முயல்களும் அதற்குள்தான். திருட வருபவர்கள் ஆயுதத்தோடு வருவார்கள் என்று கோட்டை மாதிரி சுவர் எழுப்பியிருக்கிறார்கள். ஒருநாள் லீவில் போய்ப் பாருங்கள், இப்போது தொல்லை என்று பிடிக்கும் முயல் ஒரு காலத்தில் எவ்வளவு விலை பெற்றது என்பது அங்கே நின்றால் புரியும்.

சரி, அன்றைய வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். அக்டோபர் முதல் மார்ச் வரைதான் இதற்குக் காலம். குளிரில் செடிகொடி படுத்துவிடும், வளைவாய் கண்ணுக்குத் தெரியும், குட்டி போடுவதும் குறைவு. வளைக்குப் பக்கத்தில் போனதும் யாரும் பேசமாட்டார்கள், கையால்தான் சைகை. நீங்களும் போனை அணைத்துவிட்டு, பூட்ஸைத் தூக்கி மெதுவாக வையுங்கள், மேலே தடதட என்று நடந்தால் உள்ளே இருக்கும் முயல் வெளியே வரவே வராது. முதலில் நாய் போகும். பெரும்பாலும் லர்ச்சர், அதாவது கிரேஹவுண்ட், விப்பெட் மாதிரி ஓட்டநாயோடு கோலி என்ற ஆடு மேய்க்கும் நாயோ டெரியரோ கலந்தது. கன்னி, சிப்பிப்பாறை பார்த்து வளர்ந்த உங்களுக்கு அந்த உடம்புவாகு உடனே பிடித்துப்போகும். ஆனால் இங்கே அதன் ஓட்டத்தைவிட மூக்குக்குத்தான் மதிப்பு. ஒவ்வொரு வாயாக முகர்ந்துகொண்டே போய் ஓரிடத்தில் நின்று, தலையைச் சாய்த்து, முன்னங்கால் ஒன்றைத் தூக்கிப் பார்க்கும். உள்ளே முயல் இருக்கிறது என்று அர்த்தம். காலி வளையை அது கண்டுகொள்ளாது, நல்ல நாய் பொய் சொல்லாது என்று இவர்கள் சொல்வதைக் கேட்பீர்கள். ஃபெரட் வெளியே தலை நீட்டும்போது அதைத் தொடாமல் இருக்க அந்த நாயைக் குட்டியிலிருந்தே பழக்கியிருப்பார்கள், எனக்கு இந்த முழு விஷயத்திலும் பெரிய ஆச்சரியம் அதுதான், ஓடுகிற எதையும் பிடிக்கப் பிறந்த நாய் தன் மூக்கின் மேல் ஃபெரட் ஏறிப்போனாலும் அசையாமல் நிற்கும்.

அப்புறம் வலை. ஒவ்வொரு வாயிலும் ஒரு சின்னச் சுருக்குவலை, ஓரத்தில் ஓடும் கயிற்றை ஒரு முளையில் கட்டி மண்ணில் அடித்துவிடுவார்கள். முயல் பாய்ந்து வந்து மோதியதும் கயிறு இழுபட்டு வலை பையாக மூடிக்கொள்ளும். முட்செடிக்குள் மறைந்திருக்கும் ஒரு வாயை விட்டுவிட்டால் போதும், அதன் வழியாகத்தான் முயல் போகும், அதனால் வலை போடுவதற்கே நேரம் நிறையப் பிடிக்கும். பிறகு ஃபெரட்டின் கழுத்தில் சின்ன டிரான்ஸ்மிட்டர் கட்டி உள்ளே விடுவார்கள், பெரும்பாலும் பெண் ஃபெரட், ஜில் என்பார்கள், உடம்பு சின்னது, வலைக்கண்ணைக் கலைக்காமல் நுழைந்துவிடும். அதற்கப்புறம் காத்திருப்பதுதான். முயல் பின்னங்காலால் தரையை அடிக்கும் அதிர்வு உங்கள் பூட்ஸ் வழியாகக் காலில் ஏறும். வாய்க்கு நேர் எதிரே நிற்காதீர்கள், பின்னாலோ மேலேயோ நில்லுங்கள். வலையில் முயல் விழுந்தால் உங்களிடம் அவர் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்று, திறந்துபோன அந்த வாயைக் காலால் மறைப்பது. ஃபெரட் வளைவாயில் தலைகாட்டினால் வெடுக்கென்று பிடிக்கப் போகாதீர்கள், ஒருமுறை பயந்தால் அடுத்த முறை கைக்கு எட்டாமல் உள்ளேயே நின்றுகொள்ளும். அது தானாக முழுசாக வெளியே வரட்டும், அவர் எடுத்துக்கொள்வார்.

சில நேரம் ஃபெரட் உள்ளேயே முயலைக் கொன்று அங்கேயே தங்கிவிடும். அப்போது கையில் இருக்கும் கருவி எந்த இடத்தில், எத்தனை ஆழத்தில் என்று காட்டும், மண்வெட்டி எடுத்துத் தோண்டவேண்டும். இங்கேதான் நீங்கள் உதவலாம், இந்த ஊர்க் களிமண்ணில் தோண்டுவதற்கு ஆள் கிடைத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். தோண்டியதை மூடி மிதித்துச் சமப்படுத்தாமல் கிளம்பக்கூடாது, ஆடுமாடு காலை விட்டு ஒடித்துக்கொள்ளும், அடுத்த வருடம் அனுமதியும் இருக்காது. இன்னொன்று, பேட்ஜர் என்ற விலங்கின் வளையும் அதே கரையில் இருக்கும், வாய் பெரிதாக, வெளியே மண் மலையாகக் கொட்டியிருக்கும். அதைத் தொந்தரவு செய்வது 1992 சட்டப்படி குற்றம். அவர் அதைச் சுற்றி விலகிப் போனால் ஏன் என்று கேட்காமல் நீங்களும் விலகுங்கள்.

கொல்வதைப் பார்க்க முடியுமா என்று உங்களுக்கே தயக்கம் இருப்பது கேள்வியில் தெரிந்தது. வலையில் விழுந்ததும் கையிலெடுத்துக் கழுத்தை முறிப்பார்கள், பழகிய கையில் ஒரு நொடி. அதை இழுத்தடிப்பவரோடு இரண்டாம் முறை போகவேண்டாம். தேவையில்லாமல் வதைப்பது 1996இல் வந்த காட்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலும் குற்றம்தான். முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வலை போட, தோண்ட வருகிறேன், கொல்வது மட்டும் வேண்டாம் என்று. யாரும் சிரிக்கமாட்டார்கள். விஷவாயு வைப்பதோடு ஒப்பிட்டால் இது எனக்குச் சரியான முறையாகத் தெரிகிறது, எத்தனை எடுக்கிறோம் என்று கண்முன் தெரியும், போதும் என்றால் நிறுத்தலாம், இறைச்சியும் வீண்போகாது.

நிறுத்துவது பற்றிச் சொல்லவேண்டும். 1953இல் மிக்ஸோமடோசிஸ் என்ற நோய் கென்ட் பக்கம் வந்து, சில வருடத்தில் இந்த நாட்டு முயலில் 99 சதவீதத்தை அழித்தது. மெல்லத் தேறிவந்த கூட்டத்தை 1990களில் ரத்தக்கசிவு நோய் மறுபடி அடித்தது. தெட்ஃபோர்டைச் சுற்றியுள்ள பிரெக்லாண்ட் பகுதியில் முயல் மேய்ந்தால்தான் வளரும் அரிய செடிகள் இருக்கின்றன, அதற்காகவே அங்கே முயல் தங்க மரக்கிளைக் குவியல் போட்டுக் கொடுக்கிறார்கள். பக்கத்துப் பண்ணையில் குளிர்காலக் கோதுமையின் ஓரம் முழுக்க மேய்ந்து மொட்டையாகக் கிடக்கும். இரண்டும் ஒரே மாவட்டத்தில் உண்மை. அதனால் உங்கள் பெரியவர் சில வளைகளைத் தொடாமல் தாண்டிப்போவார். அப்படித் தாண்டிப்போகிறவரோடு போவதைத்தான் நான் விரும்புகிறேன்.

கண் வீங்கி, பக்கத்தில் போனாலும் ஓடாமல் உட்கார்ந்திருக்கும் முயலைப் பார்த்தால் அது மிக்ஸோமடோசிஸ். மனிதருக்குத் தொற்றாது, ஆனால் சாப்பிடவேண்டாம். நல்ல முயல் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், மறுப்பது அவருக்கு வருத்தம். காசு வாங்கிக்கொண்டு அவருக்கு வேலை செய்வது மட்டும் கூடாது, உங்கள் விசா அதற்கில்லை. காட்டு முயலில் கொழுப்பே கிடையாது, அவசரமாக வறுத்தால் நார்நாராக இருக்கும். உப்புத்தண்ணீரில் ஒரு இரவு போட்டு, குக்கரில் மஞ்சள், இஞ்சி பூண்டோடு வேகவிட்டு, அப்புறம் நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் மிளகும் தட்டிப்போட்டுச் சுண்டவிடுங்கள். சின்ன எலும்பு நிறைய, குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது பார்த்துக் கொடுங்கள். அதில் ஒரு டப்பா அவர் வீட்டுக்கும் போகட்டும், காரத்தைக் குறைத்து.

கடைசியாக, நீங்கள் வார்டில் வேலை பார்ப்பதால் இதைச் சொல்கிறேன். ஃபெரட்டுக்கு நம்மிடமிருந்து ஃப்ளூ தொற்றும். சளி, காய்ச்சல் இருந்தால் அந்த ஞாயிறு வரமுடியாது என்று காரணத்தோடு சொல்லிவிடுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆனது என்றும் பாருங்கள், ஃபெரட் கடித்தால் சுலபத்தில் விடாது, முள்வேலியும் கையைக் கிழிக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், சரசரக்காத ஜாக்கெட், கையுறை, பிளாஸ்க்கில் டீ. படம் எடுக்க ஆசை இருந்தால் அவரைக் கேட்டுவிட்டு எடுங்கள், பண்ணையின் பெயரும் இடமும் தெரியும்படி எங்கேயும் போடாதீர்கள்.