இருட்டில் கிளம்பும்போது மலைக்கு யார் பொறுப்பு?

கண்ணால் பார்த்துப் பறக்கும் விஎஃப்ஆர் விதிப்படி இரவில் கிளம்புவது பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: அமெரிக்காவில் பைலட் பயிற்சியில் இருக்கிறேன். பார்வைத்தூரம் பத்து மைல் என்று ரிப்போர்ட் வந்தால் இரவில் தைரியமாகக் கிளம்பலாம்தானே?

அந்தப் பத்து மைல் விளக்கு எரிகிற பொருளுக்குத்தான். மலை விளக்கேற்றி வைத்துக்கொண்டு நிற்பதில்லை.

சான் டியாகோவில், மெக்சிகோ எல்லையை ஒட்டி பிரவுன் ஃபீல்டு என்ற விமானத்தளம் இருக்கிறது. தரைமட்டம் சுமார் 526 அடி, ஆனால் கிழக்கே சில மைலில் ஓட்டாய் மலை 3,500 அடிக்கு மேல் நிற்கிறது. 1991 மார்ச் 16, நள்ளிரவு தாண்டிய நேரம், பாடகி ரீபா மெக்கன்டயரின் இசைக்குழுவினரை ஏற்றிய ஜெட் அங்கிருந்து விஎஃப்ஆரில் கிளம்பியது; கருவிகளையும் கன்ட்ரோலரையும் நம்பிப் பறக்கும் ஐஎஃப்ஆர் விதிக்கான அனுமதியை, அதாவது கிளியரன்ஸை, மேலே போய் வாங்கிக்கொள்ளலாம் என்பது திட்டம். அனுமதியில்லாமல் நுழையக் கூடாத சான் டியாகோ கட்டுப்பாட்டு வான்பகுதிக்குள் போய்விடாமல் இருக்க 3,000 அடிக்குக் கீழே போகலாமா என்று பைலட் முன்பே பைலட்டுகளுக்குத் தகவல் தரும் நிலையத்தைப் போனில் கேட்டார், மறுமுனையில் இருந்தவரும் சரி என்றார், மலையைப் பற்றி இருவருமே பேசவில்லை. விமானம் மலையில் மோதி, பத்துப் பேரும் இறந்தார்கள். இதைவிடக் கொடுமை, 2004 அக்டோபர் 24-ம் தேதி நள்ளிரவுக்குப் பிறகு அதே தளம், அதே மலை, அதே திட்டம், இந்த முறை ஒரு ஆம்புலன்ஸ் லியர்ஜெட். அதில் இருந்த ஐந்து பேரும் இறந்தார்கள்.

கேள்வி: கன்ட்ரோலர் ரேடாரில் பார்த்துக்கொண்டுதானே இருப்பார்? அவர் சொன்ன திசையில் போனால் போதாதா?

அந்த லியர்ஜெட்டும் கன்ட்ரோலர் கொடுத்த திசையில்தான் போனது! ரேடாரில் தெரிகிறீர்கள் என்றார், திசை கொடுத்தார், விஎஃப்ஆரிலேயே தொடரச் சொன்னார். அந்தத் திசையில் மலை. விசாரணையில் கன்ட்ரோலர் மீதும் குறை சொன்னார்கள், பைலட்டுகளின் களைப்பையும் சேர்த்தார்கள், ஆனால் முதல் காரணமாக எழுதியது பைலட்டுகள் மலையிலிருந்து விலகிப் பறக்கத் தவறியதைத்தான். விஎஃப்ஆரில் இருக்கிறவரை மலை உங்கள் பொறுப்பு. என்னைக் கேட்டால் கிளியரன்ஸைத் தரையிலேயே வாங்குங்கள், அரை மணி நேரம் காத்திருந்தாலும் பரவாயில்லை. முடியாவிட்டால் அந்தத் தளத்துக்கு வெளியிட்டிருக்கும் தடை தவிர்க்கும் புறப்பாட்டு முறையைப் பின்பற்றுங்கள், விஎஃப்ஆர் பைலட்டும் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதுவும் இல்லையென்றால் தளத்துக்கு மேலேயே வட்டமடித்து உயரம் ஏறிவிட்டு அப்புறம் திரும்புங்கள்.

கேள்வி: எனக்குப் பழகிய ஏரியா. பகலில் எத்தனையோ தடவை பறந்திருக்கிறேன்.

பகலில் மலையைப் பார்த்து விலகியிருப்பீர்கள், எத்தனை அடி என்று மேப்பில் பார்த்திருக்கவே மாட்டீர்கள். 2011 நவம்பர் 23 மாலை அரிசோனாவின் மேசா நகரிலிருந்து கிளம்பிய டர்போ கமாண்டர் விமானம், பீனிக்ஸ் வான்பகுதியின் அடித்தளமான 5,000 அடிக்குக் கீழே 4,500-ல் நேராகப் போய் சூப்பர்ஸ்டிஷன் மலையில் மோதியது. மூன்று குழந்தைகள் உட்பட ஆறு பேர் இறந்தார்கள். வான்பகுதிக்குப் பயந்து தாழப் பறப்பது ஓட்டாய் கதையிலும் இருக்கிறது, கவனித்தீர்களா?

கேள்வி: எங்கள் ஊர் கடற்கரை, மலையே கிடையாது.

அங்கே உங்கள் காதுதான் எதிரி. டேக்ஆஃபில் வேகம் கூடும்போது உள்காது அதை விமானத்தின் மூக்கு மேலே தூக்குவதாக உணரும். எதிரே கடல் கறுப்பாக இருக்க, கை தானாகவே மூக்கைக் கீழே தள்ளும். சக்கரம் தரையை விட்டதும் கண் விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கை அடிவானக் கருவியில் இருக்கட்டும், உயரமானி ஏறுகிறதா என்று பாருங்கள், 400 அடிக்கு முன் திரும்பாதீர்கள். 1999 ஜூலையில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் கென்னடி ஜூனியர் மார்த்தாஸ் வின்யார்டு தீவு அருகே கடலில் விழுந்ததும் இருட்டிலும் மூட்டத்திலும் திசைநிலை தடுமாறித்தான், அது இறங்கும்போது.

கேள்வி: இந்தியா திரும்பியதும் இப்படிப் பறக்க முடியுமா?

பொதுவாக முடியாது. சூரியன் மறைந்து உதிக்கும் வரை விஎஃப்ஆர் இல்லை. உள்ளூர்ப் பறப்புக்கும் ஃப்ளையிங் கிளப் பயிற்சிக்கும் ஏடிசி, அதாவது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு, அனுமதித்தால் உண்டு. அமெரிக்காவில் இருக்கும்வரை, இரவில் பயணிகளை ஏற்ற 90 நாளுக்குள் மூன்று இரவு டேக்ஆஃப், முழுதாக நின்ற மூன்று லேண்டிங் வேண்டும். எரிபொருள் கையிருப்பு பகலைப்போல 30 அல்ல, 45 நிமிடம்.

கேள்வி: காக்பிட்டில் சிவப்பு டார்ச் நல்லதா?

இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கெடுக்காது, சரி. ஆனால் சிவப்பு வெளிச்சத்தில் மேப்பின் நிறங்கள் மாறிவிடும், மலை உயரத்தைக் காட்டும் பழுப்புச் சாயமும் சரியாகத் தெரியாது. மேப் பார்க்க மங்கலான வெள்ளை டார்ச் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள்.