இருபது ஸ்கெட்ச், ஒரே யோசனை: கேள்வி பதில்

கேள்வி: ஒரு புதுப் பொருளை வடிவமைக்க எத்தனை ஸ்கெட்ச் போட்டாலும் எல்லாம் ஒரே சாயலில் வருகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் வடிவத்தை மாற்றுகிறீர்கள், வேலை செய்யும் விதத்தை மாற்றவில்லை. காபி கீழே சிந்தாத கோப்பை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூடியை வட்டமாக, சதுரமாக, சரிவாக வரைந்தால் படம் மூன்று, யோசனை ஒன்றுதான். அடியில் கனம் வைத்து சாயவிடாமல் செய்வது வேறு யோசனை. சாய்ந்தாலும் உதடு அழுத்தினால் மட்டும் திறக்கும் வால்வு வேறு. மேசையைக் கவ்விப் பிடிக்கும் அடிப்பாகம் இன்னொன்று. ஒவ்வொரு படத்தின் கீழும் "இது எதனால் சிந்தாது?" என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். ஒரே வரி இரண்டு முறை வந்தால் ஒன்றை ஓரம் வையுங்கள். இருபதில் நான்கு மிஞ்சினாலே எனக்குத் திருப்திதான்.

கேள்வி: ஏற்கெனவே சந்தையில் இருப்பதைப் பார்த்துவிட்டு வரையலாமா?

பதில்: முதல் சுற்று வரைந்து முடித்த பிறகு பாருங்கள். 1991-இல் ஜான்சன், ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட ஆய்வில் இதே சிந்தாத கோப்பையை வடிவமைப்பதுதான் கொடுத்த வேலைகளில் ஒன்று. ஒரு பிரிவினருக்கு ஸ்ட்ரா வைத்த மாதிரிப் படத்தைக் காட்டி, ஸ்ட்ரா கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். அப்படியும் அவர்கள் படங்களில்தான் ஸ்ட்ரா அதிகம் வந்தது! கண்ணில் பட்டது கையை விட்டுப் போகாது.

கேள்வி: அப்படியென்றால் குழுவாக உட்கார்ந்து பிரெயின்ஸ்டார்மிங் செய்வது வீணா?

பதில்: வீண் இல்லை, முதலில் தனியாக எழுதுங்கள், அப்புறம் பேசுங்கள். ஒருவர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பவரின் யோசனை நழுவிவிடும். 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஒப்பிட்டபோது, தனித்தனியாக யோசித்த நால்வரின் பட்டியலைச் சேர்த்தால் கூடி யோசித்த நால்வரைவிட அதிகம் தேறியது. எனக்குப் பிடித்தது 6-3-5 முறை. ஆறு பேர், ஆளுக்கு மூன்று யோசனை, ஐந்து நிமிடம். பிறகு தாள் பக்கத்தில் இருப்பவருக்குப் போகும். இப்படி ஆறு சுற்று, அரை மணியில் 108 யோசனை. கூச்சப்பட்டு வாய் திறக்காதவரின் யோசனையும் தாளில் ஏறிவிடும், அதற்காகவே இதைச் செய்யலாம்.

கேள்வி: யோசனை வற்றிப்போனால்?

பதில்: கட்டம் போடுங்கள். கைவிளக்கு என்றால் மின்சாரம் எங்கிருந்து: பேட்டரி, கைச்சுழற்சி, சூரிய ஒளி. எங்கே இருக்கும்: கையில், தலையில், கொக்கியில். எப்படி எரியும்: பொத்தான், திருகு, அசைவு. மூன்றுக்கு மூன்றுக்கு மூன்று, 27 சேர்க்கைகள். பாதி உதவாது, பரவாயில்லை. தலையில் மாட்டிக் கைச்சுழற்சியில் எரிவதை வரையும்போது, சுழற்றும் பகுதியைத் தனியாகக் கழற்றினால் என்ன என்று தோன்றும் பாருங்கள், அது கட்டத்திலேயே இல்லாதது.

கேள்வி: எப்போது தேர்ந்தெடுக்கத் தொடங்குவது?

பதில்: அதே நாளில் வேண்டாம். மறுநாள் காலையில் சுவரில் ஒட்டிப் பாருங்கள்.