டர்போ காருக்குச் சாதாரண பெட்ரோல் போதுமா, பிரீமியம்தான் போட வேண்டுமா?

கேள்வி: அதிக பவர் உள்ள டர்போ கார் வாங்கியிருக்கிறேன். சாதாரண பெட்ரோல் போட்டால் எஞ்சின் கெட்டுவிடுமா? பிரீமியத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீணா?

பதில்: பெட்ரோல் மூடியின் உள்பக்கத்தில் ஸ்டிக்கர் இருக்கும். இல்லையென்றால் ஓனர்ஸ் மேனுவலைப் பாருங்கள். அதில் ஆக்டேன் எண்ணோடு (பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறனைக் காட்டும் எண்) ‘குறைந்தபட்சம்’ என்று இருக்கிறதா, ‘பரிந்துரை’ என்று இருக்கிறதா என்பதுதான் முக்கியம். குறைந்தபட்சம் என்றிருந்தால் பேச்சே இல்லை, அதற்குக் கீழே போடக்கூடாது. பரிந்துரை என்றிருந்தால் குறைந்த ஆக்டேனிலும் ஓடும், ஆனால் கம்பெனி சொன்ன முழு பவர் கிடைக்காது.

எண்ணைப் பார்க்கும்போது எந்த அளவுகோல் என்றும் பாருங்கள். அமெரிக்க பெட்ரோல் பங்க்குகளில் எழுதியிருப்பது ஏகேஐ (AKI). வேறு பல நாடுகளில் ஆர்ஓஎன் (RON). ஏகேஐ 87 என்பது ஏறக்குறைய ஆர்ஓஎன் 91, ஏகேஐ 91 என்பது ஏறக்குறைய ஆர்ஓஎன் 95. இதைக் குழப்பிக்கொண்டு ஸ்டிக்கரில் ஏகேஐ 91 என்று இருப்பதைப் பார்த்துவிட்டு ஆர்ஓஎன் 91 போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆக்டேன் என்பது பெட்ரோலின் சக்தி அல்ல, தானாகப் பற்றிக்கொள்ளாமல் அழுத்தத்தைத் தாங்கும் திறன். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ சிலிண்டருக்குள் பரவிக்கொண்டிருக்கும்போது, ஓரத்தில் இன்னும் எரியாத கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானே வெடித்தால் அதுதான் நாக்கிங். டர்போ ஏற்கெனவே அழுத்திய காற்றைத்தான் உள்ளே தள்ளுகிறது. அதனால் அங்கே இந்த ஆபத்து அதிகம். வெயில் நேரத்தில், மேட்டில், நான்காவது கியரில் 1,500 ஆர்பிஎம்மில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால், சின்ன ஆணிகளை டப்பாவில் போட்டுக் குலுக்கியதுபோல் சத்தம் வரலாம். அது தொடர்ந்தால் பிஸ்டனில் ரிங்குகளைத் தாங்கும் விளிம்பு (ரிங் லேண்ட்) உடையலாம், எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கட் போகலாம்.

‘நாக் சென்சார் இருக்கிறதே, ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பார்த்துக்கொள்ளாதா?’ என்று கேட்பார்கள். பார்த்துக்கொள்ளும், ஓரளவுக்கு. எஞ்சின் பிளாக்கில் போல்ட் போட்டிருக்கும் அந்த சென்சார் அதிர்வை உணர்ந்ததும் ஈசியூ இக்னிஷன் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் பிளக் பொறி போடும் நேரத்தை, சில டிகிரி பின்னுக்குத் தள்ளும், டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தையும் (பூஸ்ட்) குறைக்கலாம். ஆனால் நாக்கிங் நடந்த பிறகுதான் சென்சாருக்கே தெரியும். டைமிங் பின்னால் போனால் எரிதல் தாமதமாகி, வெளியேறும் புகையின் சூடு ஏறும்; அது டர்போவையும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் வாட்டும். பிக்கப் குறையும், அதை ஈடுகட்ட நீங்கள் இன்னும் மிதிப்பீர்கள், மைலேஜும் விழும். பெட்ரோலில் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும்.

மறுபக்கமும் உண்டு. ஆர்ஓஎன் 91 போதும் என்று வடிவமைத்த காருக்கு 98 ஊற்றுவதில் பெரும்பாலும் பயனில்லை. டைமிங்கை அதற்குமேல் முன்னுக்குக் கொண்டுபோக அந்த ஈசியூவில் மேப்பே (எப்போது பொறி போட வேண்டும் என்ற அட்டவணை) இருக்காது.

‘பிரீமியம்’ என்ற பெயரையும் நம்பி விடாதீர்கள். அதே ஆக்டேனில் எஞ்சினைச் சுத்தம் செய்யும் அடிட்டிவ் மட்டும் கூடுதலாகச் சேர்த்து விற்கும் பெட்ரோலும் உண்டு. அது இன்ஜெக்டருக்கு நல்லது, நாக்கிங்கைத் தடுக்காது. பம்பில் எழுதியிருக்கும் எண்தான் கணக்கு. டைரக்ட் இன்ஜெக்ஷன் (பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீச்சும் முறை) மட்டும் உள்ள எஞ்சினில், காற்று நுழையும் இன்டேக் வால்வின் மேல் பெட்ரோல் படுவதே இல்லை. அங்கே படியும் கரியை எந்த அடிட்டிவும் கழுவாது.

தெரியாமல் சாதாரண பெட்ரோல் போட்டுவிட்டால் டேங்க்கைக் காலி செய்ய ஓட வேண்டாம். 60 லிட்டர் டேங்க்கில் 91 ஆக்டேன் 20 லிட்டர் இருந்து, மேலே 98 ஆக்டேன் 40 லிட்டர் ஊற்றினால் கலவை ஏறக்குறைய 95.7 ஆகும். அதுவரை ஆக்ஸிலரேட்டரைப் பாதிக்கு மேல் மிதிக்காதீர்கள், ஸ்போர்ட் மோட் வேண்டாம், மேட்டில் கியரைக் குறைத்து ஆர்பிஎம்மை உயர்த்தி ஏறுங்கள். அப்படி ஓட்டியும் சத்தம் கேட்டாலோ, செக் எஞ்சின் விளக்கு எரிந்தாலோ மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

காரை ரீமேப் செய்திருந்தால், அதாவது பவரைக் கூட்ட ஈசியூவின் மேப்பை மாற்றியிருந்தால், ஸ்டிக்கரில் உள்ள எண் செல்லாது. டியூன் செய்தவர் எந்த ஆக்டேனுக்கு மேப் எழுதினார் என்று கேட்டு, அதையே போடுங்கள்.